பவுத்திரமும் மருந்து நூலும்

தமிழில் நூல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பஞ்சிலிருந்து திரித்தெடுக்கும் இழையும் நூல். அறிஞர் ஆராய்ந்து எழுதும் ஏடும் நூல். பஞ்சினின்று இழை உருவாவதுபோலச் சொல்லினின்று நூல் உருவாகிறது என்று இலக்கண ஆசிரியர் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டினர். இவ்விரு பொருளும் ஒருங்கே வந்து கூடும் இடம் ஒன்று மருத்துவ வரலாற்றில் உண்டு. ஏட்டில் எழுதிய அறிவு இழையாகவே மனித உடலுள் புகுந்து நோய் தீர்த்த வரலாறு அது. அந்நோயின் பெயர் பவுத்திரம்.

அவ்வரலாற்றைத் தமிழர் எண்ணிப் பார்ப்பதற்குப் பினாங்கின் சூலியா தெரு பொருத்தமான இடம். 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் குடியேற்றம் அமைத்தபின் ஜார்ஜ்டவுனில் வகுக்கப்பட்ட முதல் தெருக்களுள் அதுவும் ஒன்று. லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு ஆகிய மூன்றோடும் சேர்ந்து அது பழைய நகரின் எல்லையாக நின்றது. தொடக்கத்தில் மலபார் தெரு எனப்பட்டுப் பின்னர் சூலியா தெரு ஆயிற்று. சூலியர் என்போர் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்தின்பொருட்டு வந்த தமிழ் முஸ்லிம்கள். அவர்களுடைய கப்பல்கள் கொணர்ந்த சரக்குகளுள் பருத்தித் துணி தலையாயது. நூல் நூற்று நெய்து வாழ்ந்த தமிழக ஊர்களையும் கடல் கடந்த இத்தெருவையும் பிணைத்த உறவும் ஒருவகையில் நூலிழைதான்.

இத்தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவிடம் உண்டு. அருகில் 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உண்டு. சற்றே நடந்தால் குயின் தெருவில் மகா மாரியம்மன் கோயில். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதும், திருவிழாக் கூட்டத்தில் நெருங்கி நடப்பதும், கடைப் பலகையில் அமர்ந்து பேசுவதும் இங்கு வாழ்ந்தவர்களின் வாழ்வு. நாலு பேர் நடுவே இருப்பதே வாழ்வு என்று கருதும் மக்களிடமிருந்து ஒருவனைச் சத்தமின்றி விலக்கிவிட வல்லது பவுத்திரம். அதனாலேயே இந்நோயின் வரலாறு உடலின் வரலாறு மட்டுமன்று, மானத்தின் வரலாறுமாகும்.

நோயின் இயல்பு

மூலத்தையும் பவுத்திரத்தையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். மூலம் என்பது ஆசனவாயின் உட்புறத்துள்ள இரத்தக் குழாய்த் திசுக்கள் வீங்கிச் சரிவது. பவுத்திரம் முற்றிலும் வேறு. ஆசனவாயின் உட்சுவரில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது. அச்சீழ் வெளியேற வழிதேடித் தசையின் ஊடே துளைத்துக்கொண்டு வெளித்தோலில் வந்து உடைகிறது. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவே ஒரு சுரங்கம், இதுவே பவுத்திரம். வெளிவாய் சில நாள் மூடும், நோய் தீர்ந்தது என்று நோயாளி மகிழ்வான், மீண்டும் சீழ் கட்டும், மீண்டும் உடையும். ஆண்டுகள் இவ்வாறே கழிவதுண்டு.

சுரங்கத்தைக் கீறித் திறந்துவிட்டால் அது அடியிலிருந்து ஆறிவிடும் என்பது பண்டைக்காலம் முதலே அறியப்பட்ட உண்மை. பின் இடர்ப்பாடு எங்கே எனின், சுரங்கம் செல்லும் வழியில்தான். ஆசனவாயை இரு தசை வளையங்கள் காக்கின்றன. உள்வளையம் மனிதன் எண்ணாமலே தானாக இறுகி நிற்பது. வெளிவளையம் அவன் விருப்பப்படி இயங்குவது. சுரங்கம் இவ்வளையங்களை ஊடுருவிச் செல்லும்போது அதைத் திறக்கும் கத்தி தசையையும் சேர்த்தே அறுக்கிறது. சிறிதளவு அறுபட்டால் கேடில்லை. மிகுதியாக அறுபட்டால் மலத்தையும் காற்றையும் அடக்கும் ஆற்றல் போய்விடும். புண் ஆறும், மனிதன் ஆறமாட்டான். உடையில் கறை படுமோ என்ற அச்சத்தில் அவன் சபைக்குச் செல்வதை நிறுத்துவான். பள்ளிவாசலின் பின்வரிசைக்கும், கோயிலின் வெளித்திண்ணைக்கும் ஒதுங்குவான். இயலாதவனுக்கு மார்க்கம் சலுகை தரும்; அவனுடைய மனம் தராது.

ஆகவே பவுத்திர மருத்துவத்தின் முன் எக்காலத்தும் நின்ற கேள்வி ஒன்றே: சுரங்கத்தை அழிக்கவும் வேண்டும், காவல் தசையைக் காக்கவும் வேண்டும், இரண்டையும் எவ்வாறு செய்வது?

ஏட்டில் பிறந்த இழை

இக்கேள்விக்கு இந்திய மருத்துவம் கண்ட விடை மிகப் பழமையானது. சுசுருதர் பெயரால் வழங்கும் அறுவை மருத்துவ நூல் இந்நோயைப் பகந்தரம் என்றழைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. சல்லடைபோல் பல துளைகள் உடையது ஒன்று; ஒட்டகத்தின் கழுத்துப்போல் உயர்ந்து வளைவது ஒன்று; சங்கின் புரிபோல் சுழன்று செல்வது மற்றொன்று. கண்ணால் காண முடியாத சுரங்கத்தின் வடிவத்தைக் கைவிரலாலும் சலாகையாலும் தடவி அறிந்தோர் சூட்டிய பெயர்கள் இவை.

அந்நூல் கத்தியை மறுக்கவில்லை. ஆயினும் உடலில் ஊடுருவும் புண்புரைகளைப் பற்றிப் பேசுமிடத்து, மெலிந்தோர், வலுவற்றோர், அஞ்சுவோர் ஆகியோர்க்கும், உயிர்நிலையான இடங்களில் அமைந்த புண்ணுக்கும், கத்தியை விடுத்துக் காரம் ஏற்றிய நூலைக் கொள்க என்று விதிக்கிறது. இங்கு நின்று நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அஞ்சுவோர் என ஒரு வகையினரை அந்நூல் தனியே குறிக்கிறது. நோயாளியின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளாமல், மருத்துவ முறையைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாக அது ஏற்றுக்கொண்டது.

ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டிலும் நூல் முறை இருந்தது. இப்பாக்ரட்டீசின் பெயரால் வழங்கும் ஏடு, பச்சைச் சணல் நூலோடு குதிரை மயிரைச் சேர்த்து முறுக்கிச் சுரங்கத்தில் செலுத்தி முடிந்து, நாள்தோறும் இறுக்கி வருமாறு கூறுகிறது. சணல் நூல் இற்றுப்போகும், மயிர் இறாது, அதைப் பிடித்து மறு நூலை இழுத்துக்கொள்ளலாம். இரு நாட்டு அறிஞரும் ஒரே கருவியைக் கண்டனர். வேறுபாடு மருந்தில் இருந்தது. கிரேக்க நூல் இறுக்கத்தால் மட்டும் அறுத்தது. இந்திய நூல் தன்மேல் ஏற்றிய காரத்தாலும் வேலை செய்தது. 11ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணி தத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் பூசிய நூலை மூலத்துக்கும் பகந்தரத்துக்கும் கட்டும் முறையைக் குறித்துவைத்தார்.

தமிழ்ச் சித்த மருத்துவமும் இத்துறையில் பின்தங்கியதன்று. அது வகுத்த 32 புற மருத்துவங்களுள் காரம், சலாகை, வர்த்தி, அறுவை என்பனவும் அடங்கும். சலாகை சுரங்கத்தின் வழியை அறியும். வர்த்தி மருந்துத் திரியாய் அதனுள் தங்கும். காரம் அழுகலை அரிக்கும். பவுத்திரத்துக்குச் செய்யும் நூல் கட்டு தமிழில் காரநூல் எனப்படுகிறது. 2005ஆம் ஆண்டு சென்னைத் தாம்பரத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இம்முறை கையாளப்படுகிறது.

கத்தியின் காலம்

மேலை நாட்டில் நூல் மறைந்துவிடவில்லை. எனினும் கத்தியே அரசாண்டது. 1376ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் ஆர்டேர்ன் என்னும் அறுவை மருத்துவர் பவுத்திரத்துக்கென்றே ஒரு நூல் எழுதினார். குதிரைமேல் நெடுநாள் போர் செய்த வீரர்களும் பிரபுக்களும் அவரை நாடினர். சுரங்கத்தில் இழையைச் செலுத்தி இறுகக் கட்டி, அதையே வழிகாட்டியாகக்கொண்டு தசையைக் கீறித் திறப்பது அவர் முறை.

பவுத்திரத்தை உலகறியச் செய்தவர் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர். 1686 நவம்பர் 18ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் சார்ல்சு பிரான்சுவா பெலிக்சு என்பவர் மன்னருக்கு அறுவை செய்தார். அதற்கென ஒரு தனிக் கத்தி வடிக்கப்பட்டது. மன்னரின் உடலைத் தொடுமுன் அவர் பல ஏழை நோயாளிகள்மேல் பயின்று பார்த்தார். மன்னர் நலம் பெற்றார்; மருத்துவர் பெரும் பரிசு பெற்றார்; அறுவை மருத்துவர்களின் மதிப்பு நாட்டில் உயர்ந்தது. அக்கத்திக்கு முதலில் உடலைக் கொடுத்த ஏழைகளின் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை.

ஏழைகளுக்கென ஓர் இடம் இலண்டனில் 1835ஆம் ஆண்டு உருவாயிற்று. பிரெடெரிக் சால்மன் என்பவர் பவுத்திரத்தாலும் மலக்குடல் நோய்களாலும் வருந்தும் ஏழைகளுக்காக ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதுவே பிற்காலத்தில் புனித மார்க் மருத்துவமனை ஆயிற்று. 1841ஆம் ஆண்டு நாவலாசிரியர் சார்ல்சு டிக்கன்சுக்குப் பவுத்திர அறுவை செய்தவரும் சால்மனே. மயக்க மருந்து நடைமுறைக்கு வராத காலம் அது.

அம்மருத்துவமனையில் திரண்ட அனுபவமே நோயின் நிலப்படத்தைத் தந்தது. 1976ஆம் ஆண்டு ஆலன் பார்க்சும் அவருடைய துணைவரும் 400 நோயாளிகளை ஆராய்ந்து, சுரங்கம் எத்தசையை எவ்வாறு கடக்கிறது என்பதை வைத்துப் பவுத்திரத்தை நான்கு பெரும்பிரிவாக வகுத்தனர். இரு வளையங்களின் இடைவெளியில் மட்டும் செல்வது, வெளிவளையத்தையும் ஊடுருவுவது, வளையங்களின் மேலேறி இறங்குவது, வளையங்களுக்கு அப்பாலேயே செல்வது என்பன அவை. தசையை அளந்தபின்னரே கத்தியை எடுக்கவேண்டும் என்னும் நெறி இதனால் வலுப்பெற்றது.

இழையின் மறுபிறப்பு

மேலை நாடு தசையை அளக்கக் கற்றுவந்த காலத்திலேயே, இந்தியாவில் பழைய இழை ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. வாரணாசியின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே முதலியோர் சுசுருதரின் சொல்லையும் சக்கரபாணியின் குறிப்பையும் எடுத்து, எந்த நூல், எத்தனை பூச்சு, எவ்வளவு காரம் என்று வரையறுக்கத் தொடங்கினர். 1973ஆம் ஆண்டு 200 நோயாளிகளின் பின்விளைவை அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர்.

அவ்வரையறையின்படி நூல் செய்யும் முறை எளிமையும் பொறுமையும் கலந்தது. இருபதாம் எண் லினன் நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இலைக்கள்ளியின் பாலை 11 முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலர்த்துவர். பின்னர்க் கள்ளிப்பாலோடு நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தைச் சேர்த்து 7 முறை. இறுதியில் கள்ளிப்பாலோடு மஞ்சள் தூளைச் சேர்த்து 3 முறை. ஆக 21 பூச்சு. தமிழர் வேலியோரத்தில் வளரும் கள்ளியும், காலில் ஒட்டும் நாயுருவியும், அடுப்படியில் இருக்கும் மஞ்சளும் கூடிய மருந்து இது.

இந்நூலைச் சலாகையின் துணையால் சுரங்கத்துள் செலுத்தி இரு நுனியையும் வெளியே முடிவர். வாரந்தோறும் பழைய நூலின் நுனியில் புதிய நூலைக் கட்டி இழுத்து மாற்றுவர். காரம் சுரங்கத்தின் அழுகிய சுவரை அரிக்கிறது. நூல் மெல்ல மெல்ல அறுக்கிறது. ஒரு வாரத்தில் அறுபடுவது ஏறத்தாழ அரை முதல் ஒரு சென்டிமீட்டரே. முன்னே அறுந்துவரும்போதே பின்னே தழும்பு கட்டி ஆறிவருகிறது. கத்தியால் ஒரே வீச்சில் அறுத்த தசை இருபுறமும் விலகிப் பிளந்து நிற்கும். நூல் மெல்ல அறுக்கும்போது தழும்பு பிடித்துக்கொள்வதால் தசை அவ்வளவு விலகுவதில்லை. நோயாளி பெரும்பாலும் நடந்து வந்து, நூல் மாற்றிக்கொண்டு, தன் வேலைக்குத் திரும்பலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் இம்முறையை அறுவையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1991ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. நோயாளிகள் ஏறத்தாழ 500 பேர். அறுவையால் 4 வாரத்தில் ஆறிய புண், நூலால் ஆற 8 வாரம் ஆயிற்று. ஆனால் நோய் மீண்டும் வந்தது அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு. நூல் பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கே. பொறுத்தவர் பயன் பெற்றார்.

மலாயா மண்ணுக்கு அருகிலும் இழை சோதிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் ஒரு சூலியா தெரு உண்டு. அந்நகரின் அறுவை மருத்துவர்கள் தாழ்நிலைப் பவுத்திரத்துக்கு ஆயுர்வேத நூலையும் கத்தியையும் ஒப்பிட்டு 2001ஆம் ஆண்டு எழுதினர். முதல் சில நாட்களில் நூல் கட்டியவர்களுக்கு வலி கூடுதல். மற்றபடி இரு முறையும் ஏறக்குறைய நிகர் என்பது அவர்கள் கண்டது. நூல் மாயமன்று, வலியற்றதுமன்று. மெல்ல அறுத்தாலும் அறுப்பது அறுப்பதே. உயர்நிலைப் பவுத்திரத்தில் அதற்கும் எல்லை உண்டு. இவ்வுண்மையை மறைத்துப் பழமையைப் போற்றுவது பழமைக்கே இழுக்கு.

அறுக்காமல் ஆற்றும் வழிகள்

மெல்ல அறுப்பதிலிருந்து அறவே அறுக்காமைக்கு மருத்துவம் சென்ற அடுத்த படி, பினாங்குக்கு வடக்கே பாங்காக்கில் எடுத்து வைக்கப்பட்டது. சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தின் அருண் ரோஜனாசகுல் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட முறை ‘லிப்ட்’ எனப்படும். இரு தசை வளையங்களுக்கும் இடையே இயற்கையாக ஓர் இடைவெளி உண்டு. தோலில் சிறிது கீறி அவ்விடைவெளியில் நுழைந்து, அங்கே குறுக்கே செல்லும் சுரங்கத்தைக் கண்டு, இருபுறமும் கட்டி, நடுவில் துண்டிப்பது அம்முறை. தசையில் ஓர் இழையும் அறுபடுவதில்லை. முதலில் செய்த 18 பேரில் 17 பேருக்கு ஆறியது.

இப்புதுமை மலேசியாவுக்கு விரைந்து வந்தது. கிளந்தான் மாநிலக் கோத்தா பாருவின் ராஜா பெரம்புவான் சைனாப் II மருத்துவமனையில் 45 நோயாளிகளுக்கு இம்முறை செய்யப்பட்டு, 37 பேருக்கு ஆறியது என்று 2010ஆம் ஆண்டு வெளியாயிற்று. நூற்றுக்கு 82 எனலாம். அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த கணக்கு நூற்றுக்கு 57 என்றது. கைக்குக் கை, நோய்க்கு நோய், பயன் வேறுபடும் என்பதை இவ்வெண்கள் உணர்த்தும். எனினும் தோற்றாலும் தசை கெடுவதில்லை என்பது இதன் பெருஞ்சிறப்பு. தோற்ற சிலருக்குச் சுரங்கம் குறுகி எளிய வகையாக மாறிவிடுவதும் உண்டு.

வேறு வழிகளும் பல தோன்றின. பன்றிக் குடலின் படலத்தால் செய்த அடைப்பானைச் சுரங்கத்தில் செருகும் முறை 2006ஆம் ஆண்டு 15 பேரில் 13 பேருக்குப் பலித்ததாக அறிவிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகளில் அப்பலன் குறைந்தது. முஸ்லிம் நோயாளிக்கு அப்பொருள்பற்றி முன்னதாகவே எடுத்துரைக்கவேண்டிய கடமையும் மருத்துவருக்கு உண்டு. இத்தாலியரான மெயினேரோ சுரங்கத்துள் சிறு காமிராவைச் செலுத்தி உள்ளிருந்தே எரித்து மூடும் முறையை உருவாக்கினார். ஜெர்மனியில் லேசர் ஒளியால் சுரங்கத்தைச் சுருக்கும் முறை 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் பங்கஜ் கார்க் 2017ஆம் ஆண்டு, வெளிவளையத்தைத் தொடாமல் ஆசனவாயின் உட்புறமிருந்தே தசையிடைவெளியைத் திறந்துவிடும் முறையை எழுதினார். குரோன் குடல் நோயால் வரும் பவுத்திரத்துக்கு மூல உயிரணு மருந்து ஒன்று 2018இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. பின்னைய பெரிய ஆய்வில் பயன் நிலைநாட்டப்படாமையால் 2024இல் அங்கு விலக்கிக்கொள்ளப்பட்டது.

புதியது என்பதனாலேயே எதுவும் நிலைத்துவிடவில்லை. பழையது என்பதனாலேயே எதுவும் வீழ்ந்துவிடவுமில்லை. எல்லா நோயாளிக்கும் பொருந்தும் ஒரே முறை இன்றளவும் இல்லை. ஆனால் வெற்றியை அளக்கும் கோல் மாறிவிட்டது. முன்னர்த் துளை மூடிற்றா என்று மட்டும் கேட்டனர்; இன்று துளை மூடியபின் அம்மனிதன் நாலு பேர் நடுவே அச்சமின்றி அமர்கிறானா என்றும் கேட்கின்றனர்.

மறைத்தலே பெருநோய்

இத்தனை வழிகள் இருந்தும் பலர் காலங்கடந்தே மருத்துவரிடம் வருகின்றனர். காரணம் வெட்கம். பல்வலியை ஊரறியச் சொல்பவன் பவுத்திரத்தை மனைவியிடமும் சொல்வதில்லை. பெண்களின் நிலை இன்னும் கொடிது. பிள்ளைப்பேற்றில் தசை முன்னரே நலிந்திருக்கக்கூடிய அவர்களுக்குத் தசை காக்கும் முறை இன்றியமையாதது. அவர்களே மிகுதியாக மறைக்கின்றனர். மறைப்போரை நம்பிப் பிழைப்போரும் உண்டு. மூலம், பவுத்திரம் ஒரே நாளில் குணம் என்று சுவரில் எழுதிவைத்து, பயிற்சியின்றி ஊசியும் திராவகமும் கையாள்வோரிடம் தசையைப் பறிகொடுத்தவர் தமிழகத்தில் உண்டு. சிகிச்சை பழையதாயினும் புதியதாயினும் கற்றவர் கையில் இருந்தாலே காக்கும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மருத்துவத்தை ஏற்று, அதைச் செய்வோர் பதிவு பெறவேண்டும் என்று விதித்தது இந்நோக்கில் வரவேற்கத்தக்கது.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கொடுப்பவன் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு காட்டினார் வள்ளுவர். பவுத்திரத்தில் மருந்து எப்போதோ கிடைத்துவிட்டது, மருத்துவனும் கிடைத்துவிட்டான். எட்டு வாரம் பொறுக்கும் நோயாளியும், அருவருக்காமல் அவனுடன் செல்லும் ஒருவருமே இன்னும் வேண்டும். உடனிருப்பவரிடம் வாய்திறந்து சொல்லும்போதே மருத்துவம் தொடங்கிவிடுகிறது.

வாரணாசியின் காரநூலும் நூல். பாங்காக்கின் கட்டும் நூல். 2000 ஆண்டு இடைவெளியில் கத்தி எத்தனையோ வடிவம் மாறிற்று. இழை மட்டும் மாறவில்லை. மெலிந்தோரையும் அஞ்சுவோரையும் மனத்தில் கொண்டு ஏட்டில் எழுதப்பட்ட அந்த ஒரு விதி, மனிதனின் தசையோடு அவனது மானத்தையும் காக்கவே எழுந்தது.